பூட்ட முடியாத நாற்பத்தொரு வீடுகள்

1956 பங்குனியில் கருங்கரட்டிலிருந்து ஆவரங்குளத்துக்கு ஓடிவந்த ஜனங்கள் வீட்டுக்கொரு கதவைத் தலையில் சுமந்து வந்தார்கள். அந்தக் கதவை எந்த மரத்தில் சாய்த்துத் திறந்தாலும், பதினோரு மைலுக்கு அப்பால் விட்டுவந்த வீடு உள்ளே தெரிந்தது. அடுப்பு, உறி, அவசரத்தில் மறந்த சீப்பு எல்லாம் அப்படியே இருந்தன. கதவைக் கழற்றியதற்குக் காரணம் உண்டு. குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு இறக்கக்கூடாது என்று சட்டம் வந்த புதிது. ஊரில் ஆளே இல்லையென்றால் குத்தகைக்காரன் எங்கிருந்து வருவான் என்று கணக்குப் போட்ட கருங்கரட்டு மிராசுதார், திண்டுக்கல்லில் ஐம்பது பூட்டு வாங்கினார். அடியாட்களையும் இரண்டு துப்பாக்கியையும் இறக்கினார். கதவு இருந்தால்தானே பூட்டுவார் என்று ஜனங்கள் கதவோடு கிளம்பிவிட்டார்கள். பூட்டுகள் சாக்கிலேயே கிடந்தன.

முதல் நாள் ஒன்பது கதவுகள் வந்தன. அதில் ஒன்றைச் சுமந்துவந்த ஒச்சாயி, ஆவரங்குளத்துச் சிலம்ப வாத்தியார் வேலுசாமிக்கு அக்காள். வேலுசாமியின் மனைவி அய்யம்மாள் மதினியின் கதவை வாங்கி வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். ஊரே இரக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஊர் விவகாரத்தில் நாம் தலையிடுவானேன் என்றார் ஊர்த்தலைவர் பொன்னழகு. இருபது கதவு வந்தபோது ஊருணியில் தண்ணீர் இறங்கி மூன்று படி வெளியே தெரிந்தது. நாற்பத்தொன்று வந்தபோது ஒன்பதாம் படி தெரிந்தது. அன்றைக்குத்தான் பொன்னழகுக்குக் கருங்கரட்டு அநியாயம் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை காலை அறுபது கம்போடு படை கிளம்புவது, முன்னால் வேலுசாமி நடப்பது என்று கூட்டத்தில் முடிவானது. இரக்கத்துக்கு எழும்பாத கம்பு தண்ணீருக்கு எழும்பியதில் அய்யம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கிக்கு எதிரே முதலில் நிற்கப்போவது தன் புருஷன் என்றதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகாதே என்று தடுக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமை கூழுக்குப் பானை போதவில்லை. ஒச்சாயியின் கதவுக்குள் பெரிய பானை கண்ணெதிரே கவிழ்ந்து கிடந்தது. கோழிகள் அந்த வழியே போய்வந்துகொண்டுதான் இருந்தன. மனிதர்கள் மட்டும் போகவில்லை. போய் எடுத்தால் என்ன என்று அய்யம்மாள் கேட்டாள்.

"நெலப்படி இல்லாத வாசல்ல காலு வைக்கக் கூடாது அய்யம்மா, வீட்டுக்கு ஆகாது" என்றாள் ஒச்சாயி.

நாற்பத்தொரு குடும்பமும் இதே காரணத்துக்காகத்தான் பதினைந்து நாளாகத் தன் வீட்டைத் தானே எட்டிப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. அய்யம்மாள் ஒரு செங்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கதவின் கீழே பதித்தாள். தாண்டினாள். கருங்கரட்டில் நின்றாள். பானையோடு திரும்பிவந்து புருஷனிடம் சொன்னாள்:

"ரோட்டு வழியாப் போவேணாம், இப்படிப் போவோம். கம்பு மூலையில கெடக்கட்டும். வீட்டுக்கொரு உலையை வச்சிட்டு உக்காந்திருவோம். சோறு பொங்குற வீட்டை ஆளில்லாத வீடுன்னு எவன் சொல்லுவான்?"

வேலுசாமி கம்பை மூலையில் சாத்திவிட்டு அரிசி அளக்கப் போனார். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு கதவுக்கும் மஞ்சள் செங்கல் வைத்தாயிற்று.

மறுநாள், படை வரும் சேதி கேட்டிருந்த அடியாட்கள் ஆவரங்குளம் சாலையைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நாற்பத்தொரு கூரையிலும் புகை எழும்பியது. திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்க முந்நூறு பேர். பொன்னழகு ஒரு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மிராசுதார் பூட்டுச் சாக்கோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். வெறும் நிலைகளில் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத அடியாட்கள், கருவாட்டுக் குழம்பு வாசம் வந்ததும் துப்பாக்கிகளைச் சுவரில் சாத்திவிட்டு இலைக்கு உட்கார்ந்தார்கள். வேலுசாமியே பரிமாறினார். சந்தோஷத்தில் அய்யம்மாள் உப்பை இரண்டு தரம் போட்டிருந்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

அந்த வாரமே தாசில்தார் வந்து, குடிகள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். ஊருணி ஐப்பசியில் நிறைந்தது. நாற்பது கதவுகள் திரும்பிப்போய்த் தத்தம் நிலைகளில் ஏறி, சாதாரணக் கதவுகளாகிவிட்டன. ஒச்சாயி மட்டும் தன் கதவைத் தம்பி வீட்டு வேப்பமரத்திலேயே விட்டுவிட்டாள்; தன் வாசலுக்கு ஒரு தென்னந்தட்டி போதும் என்றாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத நாளில் அய்யம்மாள் அந்தக் கதவைத் திறந்து, "மதினி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கிண்ணத்தை நீட்டுவாள். பதினோரு மைல் தாண்டி, குழம்பு சூடாகவே வரும்.