மூன்றாவது சிடி

மாமா இரண்டாவது சிடியை வெளியே எடுத்து, பெண்பார்க்க வந்தவர்போல் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதன் முதுகில் மார்க்கரால் "நிறுவ – 2" என்று முத்துமுத்தாக எழுதினார். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. சிடிதான் வேலை செய்யவில்லை.

ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், சுவரைப் பார்த்தபடி இருக்கும் பழைய கணினியில் நான்தான் தட்டச்சு செய்வேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதுதான் என் இடம். யார் முகமும் தெரியாது. சுவரில் ஒரு பல்லி உண்டு. அதுவும் வாலை மட்டும் காட்டும். போன வாரம் கணினி படுத்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை இறக்கி, சிடியில் ஏற்றிப் போட்டால் எழுந்துவிடும் என்று யாரோ சொல்ல, மாமா மூன்று சிடிகளோடு வந்தார். அத்தை கெடு வைத்துவிட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும்தான். இல்லன்னா இதப் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டு, இவள முன்னால உக்கார வைக்கிறேன். நாலு பேர்கிட்டப் பேசினா வாய் தேஞ்சா போயிடும்?"

முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லாரிடமும் "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்க வேண்டும். 

தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். வழிமுறைப் பக்கத்தை அச்செடுத்ததே நான்தான். இறக்கிய கோப்பை அப்படியே நகலெடுக்கக் கூடாது. 'இமேஜாக எழுது' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கணினி அதிலிருந்து எழும். மாமாவோ கடை முன்னால் இருக்கும் கணினியில் கோப்பை இழுத்துச் சிடிக்குள் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்.

"இருபது வருஷமா நகல் எடுக்கிறேன். எனக்கா தெரியாது? சிடிதான் மட்டம்."

இவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று முறை வாயைத் திறந்தேன். கொட்டாவி என்று நினைத்து, "போய்ப் படுத்துக்கயேன்" என்றார்.

மூன்றாவது சிடியின் உறையை அவர் பிரித்தபோது, வழிமுறையில் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நகலுக்குக் காத்திருந்த தாள்களின் மேலே வைத்தேன். வாசலில் ஆள் வந்து அவசரப்படுத்த, மாமா சிடியை விட்டுவிட்டுத் தாள்களை எடுத்தார். எந்த நகலையும் படித்துப் பார்க்காமல் அவர் கொடுக்கமாட்டார். அந்தப் பழக்கத்தைத்தான் நம்பியிருந்தேன்.

படித்தார். மறுபடியும் படித்தார். காது சிவந்தது.

"என் கடைக்கே வந்து எனக்குப் பாடம் நடத்துறவன் யாருடா அது?"

அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் விரலில் இருந்த சிவப்பு மையைப் பார்த்தாள்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. இது உங்களத் திருத்துது."

மாமா அந்த ஆளை அனுப்பிவிட்டு, மூன்றாவது சிடியை இமேஜாக எழுதினார். முதுகில் எதுவும் எழுதவில்லை.

பின்னறையில் அதைப் பழைய கணினிக்குள் போட்டதும் திரை இருண்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது ஒருமுறை சிமிட்டி, விழித்துக்கொண்டது. மொழி கேட்டது, நேரம் கேட்டது, கடைசியில் "உங்கள் பெயர்?" என்று கேட்டு நின்றது. மாமா எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நீயே போடு."

முன்னால் யாரோ மேசையைத் தட்டி, "கடையில ஆள் இல்லையா?" என்றார். யாரும் திரும்பவில்லை. திரையில், பெயருக்கான காலிப் பெட்டிக்குள் சின்னக் கோடு ஒன்று தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருந்தது.