கமாலுதீன் எந்தக் கம்பெனி

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. ஜப்பானிய மொழி முதல் பாடத்தில் தொழில்களின் பெயர்கள் இருக்கும். ஆசிரியர், மாணவர், மருத்துவர், வங்கி ஊழியர், ஆராய்ச்சியாளர், கம்பெனி ஊழியர். அவ்வளவுதான். படிக்கிறவர்கள் ஜப்பானில் மூட்டை தூக்க ஆளே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு உட்கார்ந்தால் கட்டுரை வருகிறது. கதையாக்கப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "எண்ணூர்க் கடலின்மேல் செஞ்சூரியன் எழும்

வேண்டாம். அந்த வகுப்பறையிலிருந்து கடல் தெரியாது.

இரண்டாவது: திருவொற்றியூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. சனிக்கிழமை காலை, வேதியியல் ஆய்வகத்தில், இருபத்தொரு பெண்கள் ஜப்பானிய மொழியில் கோரஸாக வணக்கம் சொல்கிறார்கள்.

இது இருக்கட்டும்.

2

வகுப்பை நடத்துவது ஒரு ஜப்பானியக் கார் கம்பெனி. (பெயரை எழுதினேன், அடித்துவிட்டேன்.) வருடக் கடைசியில் நேர்காணல் வைத்து ஒரே ஒரு பெண்ணை இரண்டு வருடத் தொழிற்படிப்புக்கு ஜப்பானுக்கு அனுப்புவார்கள். செலவெல்லாம் அவர்களுடையது.

உஸ்மாவுக்கு அந்த இடம் வேண்டும். பிளஸ் ஒன் படிக்கிறாள், வீடு தண்டையார்பேட்டை. கிடைக்காவிட்டால் பிளஸ் டூ முடித்த கையோடு, அக்கா இஷ்ரத் வேலை பார்க்கும் எம்.சி. ரோடு துணிக்கடை. கடைக்காரரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்தாயிற்று.

வகுப்பு எடுப்பவர் மாயா மிஸ். வயது இருபத்து நான்கு. அவருக்கும் ஜப்பானிய மொழி அரைகுறைதான். மாணவிகளைவிட ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர். பட்டியலை நடத்திய அன்று உஸ்மா எழுந்தாள்.

"மிஸ், எங்க வாப்பா வேலைக்கு இன்னா பேரு? இதுல இல்லியே?"

"என்ன வேலை?"

"கப்பலுக்குள்ள ஏத்துற காருங்கள பெல்ட்டு போட்டு இறுக்கிக் கட்டுவாரு மிஸ். ஆடாம."

"டாக்டர்னு சொல்லிக்கடி," என்றாள் பக்கத்து இருக்கை மதி. "யாரு வந்து ஊசி போடச் சொல்லப்போறா?"

ஆய்வகம் சிரித்தது. அந்த வேலைக்கான ஜப்பானிய வார்த்தை மாயா மிஸ்ஸுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"கைஷாயின்னு சொல்லு. கம்பெனி ஊழியர். மரியாதையா இருக்கும்," என்றார்.

(மரியாதை என்ற சொல்லை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதினேன். அவர் அதைத்தான் சொன்னார்.)

3

உஸ்மாவின் அப்பா கமாலுதீனைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் பின்னால் விளங்காது.

அவர் யாரிடமும் நிரந்தர வேலையில் இல்லை. மேஸ்திரி கூப்பிட்டால் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போவார். அந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூலி கொடுக்கும் மேஸ்திரியின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். யாருடைய சரக்கை அன்றைக்குக் கட்டினார்களோ, அவன் பெயரைத்தான் சொல்வார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் உஸ்மா கேட்பாள்:

"இன்னிக்கு எந்தக் கம்பெனி வாப்பா?"

"கொரியாக்காரன்மா. நாளிக்கு எவனோ."

நேர்காணலுக்கு முந்தைய நாள் வேறு பதில் வந்தது.

"உன் ஜப்பான்காரன் வண்டிதான்டி. வாரம் பூரா அவன்தான். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே வுட்டுப்பூச்சு. போய்ச் சொல்லு அவன்கிட்ட."

4

நேர்காணலுக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். உஸ்மா நன்றாகவே பேசினாள். பெயர், ஊர், பிடித்த பாடம். அப்பா என்ன செய்கிறார்?

"கைஷாயின்."

எந்தக் கம்பெனி என்று அதிகாரி கேட்டார். பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் உஸ்மாவுக்குப் புரிந்தது. அதிகாரிக்குப் பின்னால் கார் கம்பெனியின் பேனர் தொங்கியது. உஸ்மா பேனரில் இருந்த பெயரைச் சொன்னாள்.

அதிகாரி "அப்படியா!" என்று முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார்.

இங்கேதான் சிக்கிக்கொண்டேன். ஏன் சொன்னாள்? வீட்டில் கேட்கும் கேள்விக்கு வீட்டில் வரும் பதிலைச் சொன்னாளா? பயத்தில் கண்ணுக்குத் தெரிந்ததைப் படித்தாளா? இப்படிச் சொன்னால் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாளா? மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் உஸ்மா மாதிரிதான் இருந்தது. அப்பாவிப் பெண்ணாக எழுதினால் நீங்கள் "ஐயோ பாவம்" என்று புரட்டிவிட்டுப் போவீர்கள். அதற்கு நான் ஆள் இல்லை.

5

கம்பெனி சார்பில் வகுப்பைப் பார்த்துக்கொள்பவர் நோயல். மறுநாள் மாயாவைக் கூப்பிட்டார்.

"இன்னாங்க மேடம் இது? பொண்ணு முதல் மார்க். ஆனா ஃபாரத்துல அப்பா கூலின்னு கீது, வாயில நம்ம கம்பெனின்னு வருது. நம்ம ஸ்டாஃப் வூட்டுப் பசங்களுக்கு இந்த சீட்டே கெடையாது. ஸ்டாஃப் இல்லன்னா அது பொய். பொய்க்கும் கெடையாது. அடுத்த பொண்ணு மதிதான்."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு எழுதினா?"

"பொண்ணுக்கு இன்னொரு தபா இன்டர்வியூ கேட்டு வாங்கித் தரேன். உங்களுக்கு கிளாஸ் இருக்காது. பொய் சொல்லிக் குடுக்குற மிஸ்ஸ யாரு வெப்பா? எது நெசம்னு திங்கக்கிழமைக்குள்ள மெயில் போடுங்க."

வெளியே உஸ்மா நின்றிருந்தாள்.

"நான் பொய்யா சொன்னேன் மிஸ்?"

மிஸ் கைப்பையில் எதையோ தேடினார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மாயா என் பெயர் இல்லை. கைப்பை என்னுடையது. என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மாதச் சம்பளம் என்று எங்கள் வீட்டுக்குள் வந்ததும் இந்த வகுப்பிலிருந்துதான். மேலே அந்த மிஸ்ஸை அவர் இவர் என்று எழுதியது மரியாதைக்காக இல்லை. தள்ளி நிற்பதற்காக.)

6

முடிவு அ: அப்பா கம்பெனி ஆள்தான் என்று மிஸ் எழுதுகிறாள். யாருக்கும் அவமானம் இல்லை. மதி போகிறாள். மதி நல்ல பெண்தான், அதுவும் தொல்லை.

முடிவு ஆ: மாணவி தவறாகச் சொல்லிவிட்டாள் என்று எழுதுகிறாள். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல உஸ்மாவின் முகத்தைப் பார்த்து

இதை முடிக்க வரவில்லை.

முடிவு இ: உங்களுக்கே தெரியும். கதையில் எழுதினால் கைதட்டுவீர்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். நான் என் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது?

இன்று ஞாயிறு. உஸ்மா சொன்னது பொய்யா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது பொய் என்பதில் குழப்பம் இல்லை. அதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரியை எழுதாமல் இருக்கத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்துவிட்டீர்கள், மிச்சத்தை நீங்கள் போடுங்கள்.

மதிப்பிற்குரிய நோயல் சார், உஸ்மாவை அப்படிச் சொல்லச் சொன்னது