எனக்கு ஒண்ணும் ஆகலையே

தையற்கடை அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கையில் இருக்கிற கத்தரிக்கோலைவிட நீளம் என்று சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பாள். யாருக்கு எந்த டாக்டர், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்து, தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள். அப்படிப்பட்டவள், தன்னிடமே மெஷினில் உட்காருகிற சொந்தத் தங்கையைச் சும்மா விடுவாளா?

தங்கையின் இரண்டாவது குழந்தை பால்குடி மறக்காத நேரத்திலேயே, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அடுத்த பிள்ளை உண்டாகாமல் இருக்கக் காப்பர்-டி வைக்க ஏற்பாடு செய்தாள். வைப்பதற்கு முன் நர்ஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மாதவிலக்கு அதிகமாகப் போகலாம், வலி இருக்கலாம். சிலருக்குத் தானாகவே வெளியே வந்துவிடும். ரொம்ப அபூர்வமாக, கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவதும் உண்டு. அதனால் அடுத்த மாதம் வந்து, அதன் நுனியில் இருக்கிற நூல் இடத்தில் இருக்கிறதா என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். வலி விடாமல் இருந்தால் அதற்கு முன்பே வர வேண்டும். கேட்கக் கேட்கத் தங்கைக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏன் சிஸ்டர் அவளப் போட்டுப் பயமுறுத்துறீங்க?" என்று அக்கா நடுவில் புகுந்தாள். "நான் வருஷக்கணக்கா வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

பொய்யில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். வினையே அங்கேதான். தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது ஊர் உடம்புக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டாள்.

அதன் பிறகு தங்கை தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவாள்.

"சுருக்கு சுருக்குன்னு குத்துதுக்கா."

"எனக்கும் முதல்ல அப்படித்தான்டி இருந்துச்சு. எல்லாம் சரியாப் போயிடும், தை."

நர்ஸ் வரச்சொன்ன சமயத்தில் கடையில் பள்ளிச் சீருடை ஆர்டர் மலையாகக் குவிந்து கிடந்தது. அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. தங்கை தயங்கித் தயங்கி வந்து அரை நாள் லீவு கேட்டாள்.

"நூல் பார்க்கணும்னு சொன்னாங்கல்லக்கா..."

"நூல் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? நம்ம கடையில இல்லாத நூலா? எந்தக் கலர் வேணும், சொல்லு!"

கடையே குலுங்கிச் சிரித்தது. தங்கையும் சேர்ந்து சிரித்தாள். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அப்புறம் எந்த வாயால் வலிக்கிறது என்று சொல்வது? அவள் மறுபடி லீவும் கேட்கவில்லை, வயிற்றைப் பற்றிப் பேச்சும் எடுக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அக்கா தனக்குத் தானே மெச்சிக்கொண்டாள். சரியாகவில்லையடி பாவி, தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பள்ளிக்கூடங்கள் திறந்து, சீருடையெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு மத்தியானம் தங்கை மெஷின் மேலேயே சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஸ்கேனில் பார்த்தால், காப்பர்-டி கர்ப்பப்பையிலேயே இல்லை. துளைத்துக்கொண்டு போய்க் குடலோடு ஒட்டிக் கிடந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்து, புண்ணாகிப்போன குடலில் ஒரு துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

"முக்கால்வாசிப் பேருக்கு இது ஒரு தொந்தரவும் பண்ணாதும்மா," என்றார் டாக்டரம்மா. "ஆனா நூல் பார்க்க வந்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருக்கலாம். குடல் வரைக்கும் போயிருக்காது. இத்தனை மாசமா வலிச்சிருக்குமே, வீட்ல யார்கிட்டயுமா சொல்லல?"

"எங்கிட்டச் சொன்னா," என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் அக்கா தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேரத்தைத் திருப்பி வைக்க முடிந்தால், அந்தச் சீருடைகளையெல்லாம் நடுத்தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டு இவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். நினைத்து என்ன பிரயோஜனம்? வார்டு நர்ஸ் வந்து தங்கையிடம் கேட்டாள்.

"வலி எப்படி இருக்கு? தாங்க முடியலன்னா சொல்லுங்க, ஊசி போடுறேன்."

தங்கை முதலில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்ல சிஸ்டர்."

போர்வையை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. அக்கா கட்டிலோரம் குனிந்தாள்.

"என்னை ஏன்டி பார்க்குற? அவங்களப் பார்த்துச் சொல்லு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லேன்டி."

"நிஜமாவே ஒண்ணுமில்லக்கா," என்று தங்கை சிரிக்க முயன்றாள். "நீ போய்க் கடையைப் பாரு."

கெஞ்சினாலும் திட்டினாலும் தான் இருக்கிற வரைக்கும் இவள் சொல்லமாட்டாள் என்பது அக்காவுக்குப் புரிந்தது. மெல்ல எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திவிட்டுச் சுவரோரமாக நின்றாள். உள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"உயிர் போகுது சிஸ்டர். சீக்கிரம் ஏதாவது போடுங்க."

நர்ஸ் ஊசி எடுத்துவர வேகமாக வெளியே வந்தாள். அக்கா ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டாள்.