பிச்சைமுத்து வெட்டிய வேலி

கதை எழுதும் தகுதி எனக்குண்டா என்னும் அச்சத்துடனேயே தொடங்குகிறேன். கற்றறிந்த பெருமக்கள் பிழை பொறுத்தருள வேண்டும். நடந்த அநியாயத்தை எண்ணி வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

1978ஆம் ஆண்டு. வேலை செய்த ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், ராக்காயியும் அவள் கணவன் பிச்சைமுத்துவும் மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே, சிறு விமானங்கள் இறங்கும் பயிற்சித் திடலின் ஓரம் குடியேறி மாடு வளர்த்தனர். ராக்காயியின் தம்பி பத்துமலை அதே திடலில் விமானம் ஓட்டப் பயின்றுவந்தான். லாரி ஓட்டிய சம்பளமெல்லாம் அதற்கே போயிற்று. பால்மரம் சீவிய குடும்பத்தில் வானேறிய முதல் பிள்ளை அவன்.

ஒருநாள் காலை, வழக்கம்போல், பிச்சைமுத்து திடலின் வேலிக் கம்பியை வெட்டி மாடுகளை உள்ளே விட்டான்.

"மச்சான், இன்னிக்கு நான் தனியா ஓட்டப் போறேன். மாட்ட வெளிய ஓட்டுங்க லா."

"நீ மேல பறக்குறே, மாடு கீழ மேயுது. ஒனக்கு எங்க லா வலிக்குது? பெரிய கேப்டன் வந்துட்டாரு!"

ராக்காயியும் சிரித்தாளே தவிரத் தடுக்கவில்லை.

ஒரு சுற்றுச் சுற்றி விமானம் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்ட வேளையில் கன்றொன்று ஓடுபாதையின் குறுக்கே துள்ளி வந்தது. பத்துமலை சட்டென்று திருப்பினான். இறக்கை கன்றை அடித்துச் சாய்த்தது. முன்சக்கரமும் முகப்புக் காற்றாடியும் முறிந்து, விமானம் மூக்குக் குப்புற மண்ணில் புதைந்தது.

ராக்காயி ஓடிச் சேர்வதற்குள் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. தம்பியின் வலது மணிக்கட்டு நொறுங்கித் தொங்கியது.

"யார் மாடு இது?" என்று அதட்டினார் பயிற்சியாளர் ஜெயபாலன்.

அந்தத் திடலில் மாடு மேய்க்காத வீடே அங்கில்லை. பிச்சைமுத்துதான் முன்னே வந்தான்.

"யாரு மாடோ தெரியல சார். பையனுக்கு இன்னும் சரியா எறக்கத் தெரியல போல."

"ஆமா சார், ஆட்டிக்கிட்டேதான் வந்தான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். மற்றவர்கள் தலையாட்டினர். எல்லாரும் வயதில் மூத்தவர்கள், மன்னிக்க வேண்டும். ஆனால் அதைக் கயமை என்றன்றி வேறெப்படிச் சொல்வது?

ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"எங்க மாடுதான் சார்! வேலிய வெட்டுனது இந்த மனுசன். பாத்துச் சிரிச்சவ நான். என் தம்பி ஒழுங்காத்தான் எறக்குனான்!"

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"கவர்மெண்டு வேலிதானே, நமக்கென்னான்னு வெட்டுனீங்களே! அது நம்ம பிள்ளைக்குப் போட்ட வேலிங்க. பொதுச் சொத்த அழிச்சா, அடி நம்ம வீட்டுலதான் வந்து விழும். இப்பவாச்சும் புரியுதா?"

பிச்சைமுத்து தலை குனிந்தான். விசாரணையில் பத்துமலைமீது தவறில்லை என்று முடிவாயிற்று. அவன் மணிக்கட்டு மட்டும் மறுபடி மடங்கவே இல்லை.

இழந்தவை: ஒரு முன்சக்கரம், ஒரு காற்றாடி, ஒரு கன்று, ஒரு வலக்கை, ஒரு விமானி.