ஆண்ட்ரூ சுற்றிய மஞ்சள் வளையம்

கைவேலை தெரிந்த புருஷன் வாய்ப்பது பாக்கியம்தான். அந்தக் கை நம்முடைய வேலைக்குள் நீளும்போதுதான் சங்கடம். தொம்மலூரில் குடியிருக்கும் ஐரின் டீச்சர் ஒரு வாரமாக அந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, தன் கையால் செய்த ரேடியோப் பெட்டியில் வெளியூர்க்காரர்களோடு பேச வேண்டும் என்று. கோடை லீவு முழுக்கச் சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டு சால்டரிங் புகையில் உட்கார்ந்து செய்தாள். கடைசியில் பாக்கி நின்றது ஒரு வளையம். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை இருக்கும். அதில் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். குரல் ஏரியலுக்குப் போகும் முன் அதைக் கடந்துதான் போகும். மஞ்சள் வளையம் என்று வரைபடத்தில் போட்டிருந்தது.

அவள் கணவன் ஆண்ட்ரூவுக்கு பீன்யாவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. லீவு முழுக்க அந்த மேஜையில் தனக்கு ஒரு வேலையும் இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவன், சுற்றுகிற வேலை என்று காதில் விழுந்ததும் விடுவானா? எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்து, இருப்பதிலேயே பெரிய மஞ்சள் வளையமாகக் கொண்டுவந்தான். கம்பியும் நல்ல தடிமன். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் பெரிய வளையமும் தடித்த கம்பியும் இருந்தால் ராஜ மரியாதை. ரேடியோவிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். ஒரே சாயங்காலத்தில் சுற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தான். அச்சில் வார்த்த மாதிரி அத்தனை ஒழுங்கு. கல்யாண போட்டோவில்கூட அவன் முகம் அவ்வளவு மலர்ந்திருக்கவில்லை.

ஐரின் திருப்பிப் பார்த்தாள். கம்பிக்கு இடையில் ஒரு பக்கம் வெள்ளை தெரிந்தது. அவளுக்கு வேண்டியது முழுக்க மஞ்சள். ஒரு பக்கம் வெள்ளை அடித்த மஞ்சள், கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருக்கும் ரகம். அங்கே அது தங்கம். ரேடியோவில் போட்டால் சிக்னலைத் தின்று சூடாக்கிவிடும். இருந்தும் மனசு கேட்காமல் அதையே பொருத்திப் பார்த்தாள். மீட்டர் முள் பாதிகூட ஏறவில்லை. வளையத்தைத் தொட்டால் விரல் சுட்டது.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவன் வேலைக்குப் போன நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, நண்பர் ஒருவர் தபாலில் அனுப்பிய சுண்டைக்காய் அளவு மஞ்சள் வளையத்தில் மெல்லிய கம்பியைத் தானே கோணல்மாணலாகச் சுற்றிப் போட்டாள். முள் ஜம்மென்று ஏறியது. பெட்டியை மூடி ஸ்குரூ முடுக்கிவிட்டு, அவன் வளையத்தை பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்தாள். அவனோ தொழிற்சாலை முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான். அவள் குற்ற உணர்ச்சியில் தினமும் அவனுக்கு மீன் வறுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் பெட்டிமுன் உட்கார்ந்தாள். ஞாயிறு காலையில் தமிழ் பேசும் ரேடியோக்காரர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். காபி டம்ளரோடு ஆண்ட்ரூ பின்னால் வந்து நின்றான். கூட்டத்தை நடத்தும் சேலம் சேஷகிரி, அவள் குரல் தெளிவாக வருகிறது என்றார். அவளுக்குப் பறப்பது போலிருந்தது. ஆனால் இந்தக் கூட்டத்தில் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதற்கு முன்னால் பெட்டி என்ன என்றுதான் கேட்பார்கள். சொந்தத் தயாரிப்பு என்றால் குடைந்து எடுத்துவிடுவார்கள். கடைசியில் என்ன வளையம் போட்டிருக்கிறீர்கள் என்று சேஷகிரி கேட்டார். ஆண்ட்ரூ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

மஞ்சள் என்று மட்டும் சொல்லி நழுவியிருக்கலாம். இவன் மனசு நோகாது. ஆனால் அதைக் கேட்டு யாராவது தப்பான மஞ்சளை வாங்கி மாட்டிக்கொண்டால்? அவள் மைக் பட்டனை அழுத்தினாள்.

"என் ஹஸ்பண்ட் ரொம்ப அழகா ஒண்ணு சுத்திக் குடுத்தார். ஒரு பக்கம் வெள்ளையா இருக்கற மஞ்சள். சூடாயிடுச்சு. அவர்கிட்ட சொல்லாம கழட்டிட்டு வேற போட்டுட்டேன். இப்பதான் அவருக்கே தெரியும்."

பட்டனை விட்டாள். பின்னால் காபி உறிஞ்சும் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

சேஷகிரி சிரித்தார். தானும் முதல் பெட்டியில் அதே மஞ்சளைப் போட்டுப் புகைய விட்டவன்தான் என்றார். ஓசூர்க்காரர் தானும் என்றார். திருநெல்வேலிக்காரர் தான் இரண்டு முறை ஏமாந்ததாகச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்து ஒப்புக்கொண்டார்கள்.

ஆண்ட்ரூ நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பிறகு, தன் வளையம் எங்கே என்று கேட்டான். பீரோவில் என்றாள். போய் எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவங்க சுத்தினதுல யாருதாவது இவ்ளோ சக்கத்தா, நீட்டா இருந்துச்சான்னு கேளு," என்றான்.

ஐரின் அப்படியே கேட்டாள். தன்னுடையது எலி குதறின மாதிரி இருந்தது என்று சேஷகிரி ஒப்புக்கொண்டார். அந்த மனுஷர் பெயர் என்ன, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். லைசென்ஸ் இல்லாதவன் மைக்கில் பேசக் கூடாது. அதனால் அவளே, ரேடியோ வழக்கப்படி எழுத்துக்கு ஒரு சொல்லாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: ஆல்ஃபா, நவம்பர், டெல்டா, ரோமியோ, எக்கோ, விஸ்கி.

ஆண்ட்ரூ, ஆண்ட்ரூ என்று சேஷகிரி இரண்டு முறை திருப்பிச் சொன்னார். துல்லியமாகக் கேட்டது. ஆண்ட்ரூ அவள் காதருகே குனிந்தான்.

"அவருக்குச் சரியாக் கேட்டிருக்காது. இன்னொரு தரம் சொல்லு."