காணாமல் போன பல்சக்கரம்

வெள்ளம் வடிந்ததும் ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. அவள் மட்டும் தலைவாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். சோப்பு ஆலையில் உறை சுற்றும் மெஷின் வந்தபோது சீட்டுக் கிழிக்கப்பட்ட பெண்களில் அவளும் ஒருத்தி. இப்போது மெஷின் வயிறுமுட்டச் சேறு குடித்துப் படுத்துவிட்டது. வீடு கழுவ ஜனங்களோ சோப்புக்கு ஆலாய்ப் பறந்தார்கள். முதலாளி ஆளனுப்பிப் பழைய பெண்களையெல்லாம் கையால் உறை சுற்ற வரச்சொன்னார்.

அந்த மெஷினைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான்.

"பிரிச்சுக் கழுவியாச்சு. நாளைக்கு மாட்டினா ஓடிடும்" என்றார் சாப்பிடும்போது.

"அப்புறம் நான் வீட்ல ஈ ஓட்டணுமா? கொஞ்சம் இழுத்தடிங்களேன்."

தொழில் தெரிந்த மனுஷர், நெளிந்தார். ஆனால் மறுநாள் ஒரு பல்சக்கரம் அவர் சட்டைப்பையில் வீடு வந்து கரண்டிகளோடு சேர்ந்துகொண்டது. ஆலையில் அது தண்ணீரோடு போய்விட்டதாகப் பேச்சு.

"கிடைச்சுதா?" என்று முதலாளி தினமும் கேட்பார்.

"இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸே வர்றதில்லைங்க" என்பார் இவர்.

பெண்களின் விரல்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருநாள் ஆலைக்குள் கொத்தனார் வந்து, நெஞ்சுயரத்துக்குப் படிவைத்த மேடை கட்டத் தொடங்கினார்.

"நமக்குத்தான்டி! அடுத்த வெள்ளத்துல கால் நனையாம உக்காந்து சுத்தலாம்" என்றாள் மற்றவர்களிடம். "அண்ணே, ஓரத்தை நல்லா பூசுங்க, துணியைக் கிழிச்சிடும்" என்று கொத்தனாரையும் விரட்டினாள். முதலாளியை வாயார வாழ்த்தினாள்.

மேடை காய்ந்ததும் லாரி வந்தது. கிரேன் புது மெஷினைத் தூக்கி அதன்மேல் வைத்தது.

"பழசுக்குப் பார்ட்ஸ் இல்லைன்னு உன் வீட்டுக்காரர்தானேம்மா சொன்னாரு?" என்றார் முதலாளி, கோபமே இல்லாமல். "ரிப்பேர்னாலும் இதை வித்த கம்பெனிக்காரங்களே வந்து பார்த்துக்குவாங்க. இனிமே எவ்வளவு தண்ணி வந்தாலும் எனக்குக் கவலையில்ல."

இருவர் சீட்டும் ஒன்றாகக் கிழிந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவர் கரண்டிகளை விலக்கிப் பல்சக்கரத்தை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார்.

"என்னைத் திட்டித் தொலைங்களேன்" என்றாள் அவள், அழுகையோடு.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பல்லுகூட தேயலை, பாரு" என்றார்.