முயல் காது வைத்த கவர்

செல்போன் கடைக்காரர் புதுச் சரக்குப் பெட்டியைப் பிரித்ததும், மண்ணெண்ணெயும் புது டயரும் கலந்தாற்போல் ஒரு நாற்றம் குப்பென்று அடித்தது. அவருக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம். போன் கவர்களை மின்விசிறிக்கு அடியில் பரப்பி, பிசுபிசுப்புப் போக முகப்பவுடரைத் தூவித் துடைத்து மாட்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட மூக்கும் ஏமாந்துவிடும். இந்தக் கைவைத்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படியும் முகம் சுளிப்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும். "புதுசுன்னா வாடை இருக்கத்தாங்க செய்யும். ரெண்டு நாள்ல போயிடும்."

அந்தச் சரக்கில் மெத்தென்று, முயல் காது வைத்த கவர் ஒன்றை மனைவியின் போனுக்கு ஆசையாக மாட்டிக் கொடுத்தார். மனைவியைவிட அது பிடித்துப்போனது, பல் முளைக்கும் மகளுக்குத்தான். போன் கைக்கு எட்டினால் போதும், முயல் காதைச் சப்பிக்கொண்டே கிடப்பாள். அழுகை நின்றதே பெரிய புண்ணியம் என்று பெற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

சில நாளிலேயே குழந்தையின் வாயைச் சுற்றிச் செக்கச் செவேலென்று தடித்துவிட்டது. பால் குடிக்க வாயைத் திறந்தாலே வீறிட்டாள். இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"புதுசா எதையாவது வாயில வைக்கிறாளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மனைவி போனை நீட்டினாள். டாக்டரம்மா கவரைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"அந்த வாடை ரெண்டு நாள்ல போயிடும் டாக்டர்." பழக்கதோஷத்தில் கடைக்காரரின் வாய் முந்திக்கொண்டது.

"எங்க போகும்? மலிவான பிளாஸ்டிக்கை இப்படி மெத்துன்னு ஆக்கச் சேர்க்கிற ரசாயனம் எச்சில்ல ஊறி வெளிய வரலாம். இந்தத் தடிப்பு மருந்துல ஆறிடும். ஆனா உள்ள என்ன போச்சு, எவ்வளவு போச்சுன்னு என்னாலயும் சொல்ல முடியாது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்காவது தெரியுமாங்க?"

"தெரியாது" என்றார். சொல்லும்போதே கூசிப்போனார்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். "அண்ணே, இந்தக் கவரை எதுல செய்யறாங்க?"

எதிர்முனை சிரித்தது. "பிளாஸ்டிக்லதாம்பா. இத்தனை வருஷத்துல எவனும் இப்படிக் கேட்டதில்ல. உனக்கென்ன திடீர்னு?"

"கேக்காம விட்டதுதாண்ணே தப்பு. எம் பொண்ணு வாயெல்லாம் வெந்து கிடக்கு. எதுல செஞ்சதுன்னு தெளிவா போட்டிருக்கிற சரக்கு இருந்தா அனுப்புங்க, இல்லாட்டி வேணாம். விக்கிறவனுக்கே என்னன்னு தெரியாத சாமானை அடுத்தவங்க பிள்ளை கையில குடுக்கிறது வியாபாரம் இல்லண்ணே, பாவம்."